நூற்றுக்கு ஒன்று

போன ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை
பதினோரு ஜோடி ஷூக்களில்
ஏழு மட்டும் வகுப்புக்கு வந்து சேர்ந்தன.
மற்ற நான்கும் முற்றத்திலேயே நின்றன,
கால்களை மட்டும் அனுப்பிவிட்டு.

கோத்தகிரியில் பெய்வது மழைக்கு ஒரு வேலை,
போவது இன்னொரு வேலை.
என் பள்ளி முற்றத்தில்
முதல் வேலை மட்டும்தான் நடந்தது.
கிக்குயூ புல் நட்டேன். மஞ்சளாகி அழுகியது.
கல்பொடி கொட்டினேன். விழுங்கிவிட்டு
இன்னும் இருக்கிறதா என்பது போல் பார்த்தது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஷாநவாஸ் வந்தார்.
ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் திரித்தார்.
விரல் நீளத்துக்குத் திரி வந்தது, அறுபடவில்லை.
"இது மண் இல்லை மேடம், பாத்திரம்."

தை மாதம் எட்டு அங்குலம் வெட்டினார்கள்.
இரண்டு டிப்பர் பாத்திரம்
கேட் ஓரம் குவிந்தது.
பள்ளத்தில் துணி, துணிமேல் ஜல்லி,
ஜல்லிக்குள் துளை போட்ட குழாய்,
எம்-சாண்ட், அதன் மேல் மட்டப்பலகை.
"நூற்றுக்கு ஒன்று இறங்கணும்.
கண்ணுக்குத் தெரியக் கூடாது,
தண்ணிக்குத் தெரியணும்."
இருபது வருட டீச்சர் நான்.
இப்படி ஒரு வாக்கியம் சொன்னதில்லை.

சுருளைப் பிரித்தபோது
புது பக்கெட் வாசனை.
இந்த மலையில் எந்தச் செடிக்கும் இல்லாத பச்சை.
நடுநடுவே நாலைந்து பழுப்பு இழை,
காசு கொடுத்து வாங்கிய வாட்டம்.

மூடுபனியில் பசை காயவில்லை.
ஷாநவாஸ் தயங்கிக் கேட்டார்:
"வீட்ல ஹேர் டிரையர் இருக்குமா?"
முழங்காலிட்டு இணைப்பின் ஓரமாக நகர்ந்து
ஈரத்தலையோடு பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைக்குப் போல
ஊதிக்கொண்டே போனார்.
கரண்ட் போனது.
வரும்வரை
இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தார்.

முடித்ததும் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தார்.
எல்லோரும் குனிந்து காது வைத்தோம்.
உள்ளே யாரோ விழுங்கும் சத்தம்.

முதல் நாள் பிள்ளைகள் அதில் உருண்டார்கள்.
மூன்றாம் நாளிலிருந்து
கேட் ஓரக் குவியலில்தான் எல்லோரும்,
தும்பிக்கை ஒடிந்த யானைகளோடு.

ஐப்பசி திரும்பியது. மூன்று நாள் விடாத மழை.
ஜன்னலில் நின்று பார்த்தேன்,
ஒரு குட்டைகூட இல்லை.
பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்.

நான்காம் நாள் பெள்ளிராஜ் மேலே ஏறி வந்தார்.
எங்களுக்குக் கீழே பன்னிரண்டு பாத்தி கேரட்.
சத்தம் போடவில்லை.
ஒரு கேரட்டை மேசையில் வைத்தார்,
நுனிவரை பிளந்து, வெளுத்து,
நனைந்த சாக்பீஸ் மாதிரி.
"உங்க முற்றம் இப்ப என்கிட்ட இருக்கு டீச்சர்.
வந்து எடுத்துக்கறீங்களா?"

இறங்கிப் போனேன்.
தடுப்புச்சுவரில் என் குழாயின் வாய்,
சேறு கலக்காத, சுத்தமான தண்ணீர்.
அதுதான் கூச்சமாக இருந்தது.
மேலே நூற்றுக்கு ஒன்று.
இங்கே நூற்றுக்கு நாற்பது.
அவருக்குக் கீழே ரேஷன் கடை,
கடைக்குக் கீழே ரோடு,
ரோட்டுக்குக் கீழே பனிக்குள்
யாருடையதோ தகரக் கூரை.

ஷாநவாஸுக்கு போன் போட்டேன்.
"குழாயை நீட்டிடலாம் மேடம். எதுவரைக்கும்?"
பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம்
போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

பெள்ளிராஜ் அதற்குள் குவியலருகே நின்றார்.
கிள்ளி எடுத்துத் திரித்துப் பார்த்தார்.
"குழாய்க்குக் கீழே ஒரு குழி வெட்டி
இதைப் பூசிவிட்டால்
கோடைவரைக்கும் தண்ணி நிற்கும்.
எடுத்துக்கட்டுமா?"
எடுத்துக்கோங்க என்றேன்.

"அது எங்க யானை" என்றாள் தன்விகா.
குவியலின் உச்சியில் உட்கார்ந்திருந்தாள்,
முழங்கை வரை பழுப்பு.

யானைகளை ஒவ்வொன்றாகப்
பச்சைப் புல்லுக்கு இடம் மாற்றி முடியும்வரை
சாக்கை விரித்துப் பிடித்தபடி
மழையில் நின்றார் பெள்ளிராஜ்.